என்ன கண்ணா!

ஃபாரின் போய் வந்தேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். "எத்தனை நாள் ஸார்?" என்று கேட்கிறார்கள். "வெள்ளி, சனி, ஞாயிறு" என்றால், "அது திருப்பதி போய்ட்டு வர்ற டைம் ஆச்சே!" என்று ஒரு நக்கல்.

என்ன செய்ய? சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடுகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாம்பரத்தில் கிளம்பி பரனூர் டோல்கேட்டைத் தாண்ட எனக்கு அதைவிட அதிக நேரம் ஆனதுண்டு. பெல்ட்டைப் போட்டு, கொடுத்த சாண்ட்விச்சைப் பிரித்துப் பார்த்து, பயந்து மறுபடி மடித்து வைப்பதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் மூன்று பேர். பி.காம். படித்த காலத்திலிருந்து ஒரே பெஞ்ச். ஒருத்தன் மத்திய அரசு ஆபீஸில் இருப்பதால் அவனுக்குப் பெயர் 'சென்ட்ரல்'. இன்னொருத்தன் 'மதுரை'. சொந்த ஊரும் அதுதான், பேச்சும் அதுதான். மூன்றாவது அடியேன். பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன், அதாவது ஒன்றாம் தேதி என்பது காலண்டரில் மட்டும் உள்ளவன்.

2023 மே 5, வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று கண்டுபிடித்தது சென்ட்ரல். "எனக்கு அன்னிக்கு லீவுதான்டா, புத்த பூர்ணிமா" என்றான். புத்த பூர்ணிமாவுக்கு இங்கேயே லீவு என்றால், புத்தர் கோயில் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊரில் அன்றைக்கு என்ன நடக்கும் என்று மூன்று பட்டதாரிகளில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்கள் திட்டம் ரொம்பத் தெளிவானது. பீச், பீர், தூக்கம், மறுபடி பீச்.

மதுரைக்கு மட்டும் வீட்டில் அர்ச்சனை நடந்தது. அன்றைக்குச் சித்திரா பௌர்ணமி, அழகர் வைகையில் இறங்குகிற நாள். "ஊரே ஆத்துக்குப் போகுது, நீ ஆகாயத்துல போறியா?" என்று அவன் அம்மா போனில் கத்தியது எங்களுக்கும் கேட்டது. அவன் வீட்டில் வருஷா வருஷம் நீர்மோர்ப் பந்தல் போடுவார்கள். அவன் கரண்டி பிடிக்காத முதல் வருஷம் அது.

எனக்கு வேறு ஒரு சங்கடம். 2020-ல் கொரோனா வந்து பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்தபோது முதலில் குறைந்த பக்கம் என்னுடையது. வாடகைக்கு வழியில்லாமல் மதுரையிடம் 40,000 ரூபாய் கேட்டேன். பத்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டான். அதற்கப்புறம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது பழகியிருக்கலாம். அவன் கேட்காததால் நான் போன் பண்ணுவதையே குறைத்துக்கொண்டேன். இப்போது ஒரு பழைய பாக்கி மொத்தமாக வந்ததும், கடனை அடைக்காமல் ஃபாரின் டூர் கிளம்பியவனும் அடியேன்தான். நியாயமா என்று கேட்காதீர்கள். வரமாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டியிருக்குமே!

அதனால் டூர் கணக்கு எழுதும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். நூறு பக்க நோட்டு, மூன்று காலம், ஆளுக்கு ஒன்று. காபிச் செலவைக்கூட விடவில்லை. நேர்மையானவன் என்று காட்டிக்கொள்ள அது ஒன்றுதான் அப்போது கையில் இருந்தது.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் முதல் அதிர்ச்சி, வாஷிங் மெஷின். மற்ற ஊர்களில் வந்து இறங்கும் இடத்தில் சாக்லேட், சென்ட் விற்பார்கள். இங்கே வரிசையாக ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி.! வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வரியில்லாமல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்களாம். சென்ட்ரல் ஒரு ஃப்ரிட்ஜைத் திறந்து மூடிப் பார்த்தான். பக்கத்திலேயே பாட்டில் கடை. "இங்க எதுக்குடா, ஊருக்குள்ள பார்த்துக்கலாம்" என்று நடந்துவிட்டோம். சரித்திரத்தில் இப்படித்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன.

டாக்ஸி டிரைவரிடம் மதுரை பக்குவமாக விசாரித்தான். "அண்ணே, நல்ல பார் எந்தப் பக்கம்?"

அவர் கண்ணாடியில் எங்களை ஒரு முறை பார்த்தார். "இன்றைக்கு வெசாக் போயா தம்பி. நாளைக்கும் எல்லாம் பூட்டு."

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா, அரசாங்க விடுமுறை. மதுக்கடை திறக்காது. அதில் பெரிய போயா, புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் மறைந்ததும் ஒரே நாளில் என்று நம்புகிற வெசாக். அதற்கு மறுநாளும் லீவு. இறைச்சிக் கடையும் மூடல். ஆக, மூன்று நாள் டூரில் இரண்டு நாள் நாங்கள் சுத்த சைவம், சுத்த மதுவிலக்கு. "இதுக்குப் பேசாம பழநிக்குப் போயிருக்கலாம்" என்றான் சென்ட்ரல். லீவு சொன்னவனே அவன்தான் என்று ஞாபகப்படுத்தினோம்.

வெள்ளவத்தையில் ரூம். அந்த ஏரியாவில் தமிழ்ப் போர்டுகளுக்கும் இட்லிக்கும் பஞ்சமில்லை. மத்தியானம் சும்மா சுற்றும்போது கோட்டை ரயில் நிலைய வாசலில் தாடி வைத்த வெள்ளைக்காரர் சிலை ஒன்றைப் பார்த்து சென்ட்ரல் நின்றுவிட்டான். "டேய், இவரு எங்க ஏரியாடா!" ஆள், கர்னல் ஆல்காட். அடையாறு தியசாபிகல் சொசைட்டியை நிறுவியவர்களில் ஒருவர். பெசன்ட் நகரில் அவர் பெயரில் உள்ள பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் இவன் தினமும் ஆபீஸ் போகிறான். பிரிட்டிஷ்காரர்களிடம் வாதாடி வெசாக்கை அரசு விடுமுறை ஆக்க வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அது நடந்தது 1885-ல். அதே வருஷ வெசாக்கில்தான் நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, ஆரஞ்சு பட்டை போட்ட பௌத்தக் கொடியையும் முதன்முதலாக ஏற்றினார்கள். "அப்போ நம்ம பீரைக் கெடுத்தது ஒரு மெட்ராஸ்காரர்" என்று மதுரை தீர்ப்பு சொன்னான்.

இருட்டியதும்தான் ஊர் விழித்தது.

வாசலுக்கு வாசல் வெசாக் கூடு. கூடு என்றால் நம்ம கூடுதான். மூங்கில் குச்சியில் எட்டு மூலை கட்டி, கலர் பேப்பர் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்தது. கங்காராம விகாரையைச் சுற்றியும் பேர ஏரியைச் சுற்றியும் கால் வைக்க இடமில்லை. தண்ணீரில் விளக்குகள் இன்னொரு தடவை எரிந்தன. வெள்ளை உடுத்திய பிள்ளைகள் வரிசையாக நின்று பக்திப் பாட்டுப் பாடினார்கள். தள்ளுமுள்ளு இல்லை, விசில் இல்லை. அத்தனை கூட்டத்தில் பர்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

அங்கிருந்து ஆட்டோ பிடித்தோம். டிரைவர் தமிழர், மலையகத்திலிருந்து சின்ன வயசிலேயே கொழும்புக்கு வந்தவர். பொரளையில் தோரணம் பார்க்கலாம் என்று கூட்டிப் போனார். தோரணம் என்றதும் மாவிலையை நினைத்தேன். போய்ப் பார்த்தால் மூன்று மாடி உயரத்துக்குப் பலகை, ஆயிரக்கணக்கில் பல்பு. அணைந்து எரிந்து சுழன்று கோலம் போடுகின்றன. நடுவில் ஜாதகக் கதைப் படங்கள். அந்தக் கதைகள் மொத்தம் 547. கடைசிக் கதை, கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்து, நாட்டை விட்டுப் போய், காட்டில் பெற்ற பிள்ளைகளையும் தானம் கொடுத்த வெசந்தர இளவரசன் கதை. அதை டிரைவர் எங்களுக்கு விளக்கினார்.

மதுரை முழுவதும் கேட்டுவிட்டு, "இதுக்குத்தான்ணே யாருக்கும் அள்ளிக் குடுக்கக் கூடாதுங்குறது" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டைத் திறந்து ஆட்டோ கணக்கை எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

திரும்பி வரும் வழியில்தான் அந்தக் கலவரம். நாலு பையன்கள் கொடியோடு ரோட்டின் குறுக்கே பாய்ந்து ஆட்டோவை மறித்தார்கள். "என்ன! என்ன!" என்று ஒருத்தன் எங்கள் முகத்துக்கு நேரே கத்தினான். மதுரைக்கு ரத்தம் ஏறிவிட்டது. "என்னடா என்ன? நீ என்ன?" என்று பாதி இறங்கிவிட்டான். இன்னொரு பையன் அதைவிடச் சத்தமாக, "என்ன, கண்ணா!" என்றான். மதுரை சட்டைக் கையை மடிக்கவே ஆரம்பித்தான்.

டிரைவர் சிரித்துச் சிரித்து ஹேண்டில்பாரில் சாய்ந்துவிட்டார். சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாங்க'. 'கன்ன' என்றால் 'சாப்பிடுங்க'.

அதுதான் தன்சல். தானசாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெசாக்குக்கு ஊர் முழுக்க ரோட்டோரம் பந்தல் போட்டு, போகிற வருகிற யாராக இருந்தாலும் நிறுத்திச் சாப்பாடு போடுகிறார்கள். ஒரு இடத்தில் சோறு, ஒரு இடத்தில் மரவள்ளிக்கிழங்கு, ஒரு இடத்தில் ஐஸ்கிரீம். ஐஸ்கிரீமுக்கு மட்டும் கியூ கண்ணுக்கு எட்டாத தூரம் நின்றது. அதில் கோட்டு சூட்டு ஆசாமி ஒருவரும் நின்றார். பழக்கதோஷத்தில் நான் பர்ஸை எடுக்க, அந்தப் பையன் என் கையைப் பிடித்து பர்ஸை என் பாக்கெட்டிலேயே திரும்ப வைத்தான். சோறு, இரண்டு கறி, அப்பளம். நோட்டில் என்ன எழுதுவது?

"எங்கட ஸ்டாண்ட்டிலயும் ஒண்ணு போட்டிருக்கம், வாங்க" என்று டிரைவர் அடுத்த சந்துக்குள் திருப்பினார். கொண்டைக்கடலைச் சுண்டல், ப்ளேன்டீ. அவ்வளவுதான் அவர்கள் பட்ஜெட். பன்னிரண்டு ஆட்டோக்காரர்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோரும் உண்டு.

"2019-ல ஈஸ்டர் குண்டு. அடுத்த ரெண்டு வருஷம் கொரோனா. போன வருஷம் பெற்றோல் இல்ல. ரெண்டு நாள் லைன்ல ஓட்டோவுக்குள்ளயே படுத்துக் கிடந்தம். அப்ப ரோட்டு வீட்டு ஆக்கள்தான் தேத்தண்ணி கொண்டுவந்து குடுத்தாங்க. அடுத்த வெசாக்குக்கு நாங்க போடணும்னு அந்த லைன்லயே பேசிக்கிட்டம்" என்றார் டிரைவர்.

2022 மார்ச் கடைசியில் அந்த ஊரில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. 2023 பிப்ரவரியில் மின்கட்டணம் 66 சதவீதம் ஏறியது. பெட்ரோலுக்கு நாங்கள் போனபோதும் க்யூ.ஆர். கோடு காட்டி அளந்துதான் வாங்கினார்கள். அந்த ஊரில், அந்த வருஷத்தில், அத்தனை பல்பு, அத்தனை சுண்டல்.

ஆட்டோ வாடகையை மட்டும் அவர் கறாராக வாங்கிக்கொண்டார். "அது வேற, இது வேற தம்பி."

திரும்பிப் பார்த்தால் மதுரையைக் காணோம். அடுப்புப் பக்கம் போய்க் கரண்டியைப் பிடித்துவிட்டான்! "எங்க ஊர்ல இன்னிக்கு நான் இதத்தாண்ணே செஞ்சிருக்கணும்" என்று யாருக்கோ விளக்கம் வேறு. அரைமணி நேரத்தில் ரோட்டில் நின்று, "என்ன! கன்ன!" என்று பஸ்ஸை மறிக்கிற அளவுக்குத் தேறிவிட்டான். சென்ட்ரல் டீ ஊற்றினான். எனக்குக் கிடைத்தது கப் கழுவுகிற வேலை.

பதினோரு மணிக்குக் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தது. மதுரை வந்து என் பக்கத்தில் குந்தி, கழுவின கப்பை வாங்கிக் கவிழ்க்க ஆரம்பித்தான். வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "டேய், அந்த நாப்பதாயிரம்..."

"முப்பத்தெட்டு" என்றான்.

"என்னது?"

"முப்பத்தெட்டாயிரம். போன வருஷம் என் தங்கச்சி கல்யாணத்துக்கு ரெண்டாயிரம் மொய் வெச்சீல்ல? கழிச்சுட்டேன்."

மூன்று வருஷமாக அவன் மறந்துவிட்டானோ, அல்லது பெருந்தன்மையாக விட்டுவிட்டானோ என்று நினைத்து நினைத்துத்தான் நான் கூசியிருக்கிறேன். இவன் பாட்டுக்குக் கணக்கு வைத்திருக்கிறான்! எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்ல? அடுத்த நிமிஷமே கோபமும் வந்தது.

"மொய்யை எவனாவது கடன்ல கழிப்பானாடா? அது உன் தங்கச்சிக்கு வெச்சது!"

"வரவு எங்க வீட்டுக்குத்தானே வந்துச்சு?"

"அது ரெவின்யூ ரிசீட், இது லோன் அக்கவுண்ட். ரெண்டையும் எப்படிடா சேர்ப்ப? எந்த வாத்தியார்டா உனக்கு அக்கவுண்டன்ஸி எடுத்தாரு?"

"உனக்கு எடுத்தவருதான்!"

சத்தம் கேட்டு ஆட்டோக்காரர்கள் ஓடி வந்தார்கள். டிரைவர் என்ன மொழிபெயர்த்தாரோ தெரியாது, ஒரு சிங்களப் பெரியவர் எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கு ஒரு கப் சுண்டலைத் திணித்து, "மல்லி, மல்லி" என்று முதுகில் தட்டினார். மல்லி என்றால் தம்பி. அதற்குள் அது எங்களுக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை காலி முகத்திடலில் உட்கார்ந்து அதே சண்டையைத் தொடர்ந்தோம். 2022-ல் போராட்டக்காரர்கள் மாதக்கணக்கில் கூடாரம் போட்டிருந்த இடம். இப்போது குழந்தைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தது, ஆனால் எங்களுக்குக் கிளம்பும் நேரம். ஒரு பாட்டில்கூட வாங்காமல் வந்தோம் என்று எழுத ஆசைதான். ஏர்போர்ட்டில் சென்ட்ரல் இரண்டு வாங்கினான். நடுவர் என்ற முறையில் விமானத்தில் அவனிடம் தீர்ப்புக் கேட்டோம். "மொய்க்கு ரசீது இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டான்.

மீனம்பாக்கத்தில் பெட்டிக்காகக் காத்திருந்தபோது, போனில் முதல் தவணையாக 5,000 ரூபாயை மதுரைக்கு அனுப்பினேன். என்னிடம் மிச்சம் இருந்ததில் பாதி. பத்தடி தள்ளி நின்றவன் போனைப் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. தட்டித் தட்டி ஏதோ டைப் அடித்தான். என் போன் 'டிங்' என்றது.

"பாக்கி 33."

"35" என்று திருப்பி அனுப்பினேன்.