ஒன்பது பேருக்கு ஏழு சீட்

சங்ககிரி தாண்டித் திருச்செங்கோட்டுப் பக்கம் திரும்பினால் கொஞ்ச நேரத்தில் அர்த்தநாரீசுவரர் மலை கண்ணில் பட்டுவிடும். அந்த மலையடிவாரம்தான் இந்தியாவெங்கும் போர்வெல் போடும் ரிக் வண்டிகளின் தாய்வீடு. வடக்கே எங்கோ ஒரு காட்டில் புழுதி கிளப்பி நிற்கும் வண்டியில் டி.என். 34 என்று எழுதியிருந்தால், அது இந்த ஊர் வண்டி.

நான் போன பட்டறையில் மூன்று ரிக்குகள் பாதி வேலையில் நின்றன. ஒன்றில் மாஸ்ட் என்ற நிமிர் கம்பத்தைப் படுக்கவைத்து வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. நான் பார்க்க வந்தது அதையல்ல. இரும்புப் படியேறி மாடிக்குப் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டிசைன் பிரிவு. மூலையில் ஒரு மேசை, இரண்டு திரைகள், ஒரு நீள நோட்டு. ராசிபுரத்துக்காரரான எம்.சி.ஏ. படித்த பெண் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். கம்பெனியின் மென்பொருள் உரிமங்கள் அத்தனையும் அவர் பொறுப்பு. சம்பளப் பட்டியலில் மட்டும் அவர் இன்னும் ‘கம்ப்யூட்டர் ஆபரேட்டர்’.

“லைசென்ஸ் பாக்கறதுன்னா என்ன வேலைங்க அம்மணி?” என்று கேட்டேன்.

“வெளிய நிக்கற வண்டிக்கு ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., பெர்மிட் இதெல்லாம் எங்க ஓனர் தேதி தவறாம பாத்துக்குவாருங்கண்ணா. எஃப்.சி. ஒரு நாள் தப்புனாலும் வண்டிய ரோட்டுல எறக்க வுடமாட்டாரு. மாடியில இருக்கற கம்ப்யூட்டருக்கும் அதே மாதிரி காயிதம் இருக்குதுங்க. அத நான் பாத்துக்கறேன்.”

லாரியும் ரிக்கும் பிழைப்பாக இருக்கும் சீமையில் இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது.

நோட்டைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு பக்கம். எத்தனை உரிமம், பில் எண், எந்தக் கணினி, யார் கையில், புதுப்பிக்கும் தேதி. தேதி நெருங்கினால் சிவப்பு மையில் ஒரு கோடு. கணினியிலும் இதே பட்டியல் இருக்கிறது. ஆனால் ஓனர் நோட்டைத்தான் புரட்டுவாராம். விண்டோஸ் 10-க்கான பொதுப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது என்பதற்கு ஒரு தனிப்பக்கம் ஒதுக்கி, எந்தெந்தப் பெட்டி அதற்குமேல் தாங்காது என்று எழுதி வைத்திருந்தார். ஸ்டோரிலும் செக்யூரிட்டி அறையிலும் கடிதம் அடிக்க லிப்ரே ஆபீஸ் போதும் என்று போட்டுவிட்டார். காசு கொடுக்க வேண்டாத அதற்கும் நோட்டில் ஒரு பக்கம் உண்டு.

கணக்கெழுதும் டேலி பக்கத்தில் நிறைய அடித்தல் திருத்தல். இது பிரைவேட் லிமிடெட் கம்பெனி. கணக்கில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் அழியாமல் பதிவாகும் மென்பொருளில்தான் கம்பெனிகள் கணக்கெழுத வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய பதிப்பை வைத்து இழுத்துக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளையோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டி மாற்ற வைத்தாராம்.

சட்டத்தைப் பற்றியும் பேசினோம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் கணினி நிரல் வந்தது 1984 திருத்தத்தில். 1994 திருத்தம் 63பி என்ற பிரிவைச் சேர்த்தது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். தொழிலுக்காக இல்லாமல் பயன்படுத்தியிருந்தால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். பட்டறைக்கு அந்தச் சலுகை இல்லை. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. 2018-இல் வெளியிட்ட ஆய்வு, 2017-இல் இந்தியக் கணினிகளில் இருந்த மென்பொருளில் 56 விழுக்காடு உரிமமில்லாதது என்றது. உலக அளவில் 37. விற்கிறவர்கள் எடுத்த கணக்கு என்பதை நினைவில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் நம் ஊர்களில் ‘கிராக் போட்டுத் தர்றேன்’ என்று பென்டிரைவோடு வருகிறவரை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கிராக் பிரதி பல நேரம் இணையம் கிடைத்ததும் அந்த மென்பொருளைச் செய்த கம்பெனிக்கே சத்தமில்லாமல் தகவல் அனுப்பிவிடும். பிறகு ‘ஆடிட்’ என்று மின்னஞ்சல் வரும்.

இவர் வேலையின் உயிர் இரண்டாவது திரையில் இருந்தது. ரிக்கை முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருளுக்குக் கம்பெனி வாங்கியிருப்பது ஏழு ஃப்ளோட்டிங் லைசென்ஸ். அதைத் திறந்துவந்தவர்கள் ஒன்பது பேர். லைசென்ஸ் எந்தக் கணினிக்கும் சொந்தமில்லை. சர்வரில் கிடக்கும். ஒருவர் திறந்தால் ஒரு சீட் போகும், மூடினால் திரும்பும். எட்டாவது ஆள் திறந்தால் ‘லைசென்ஸ் இல்லை’ என்று வரும். திரையில் ஏழு பெயர்களும் திறந்த நேரமும் வரிசையாக ஓடின.

“இந்த லைசென்ஸ் ஃபைல் சர்வரோட நெட்வொர்க் கார்டு நம்பர்ல கட்டிப்போட்டிருக்குங்கண்ணா. ஒரு சித்திரை மாசம் மழைக்காத்துல கரண்ட் ஏறி எறங்கி அந்தக் கார்டு கருகிருச்சு. நூறு ரூவா சாமானோ ஐந்நூறு ரூவா சாமானோ, ஏழு சீட்டும் செத்துப்போச்சு. புது நம்பருக்கு ஃபைல மாத்தி வாங்கறதுக்குள்ள ஒன்றரை நாள். கீழ கட்டிங்குக்கு ட்ராயிங் இல்லாம ஆளுக சும்மா உக்காந்திருந்தாங்க.” அதற்குப் பிறகு சர்வருக்குத் தனி யு.பி.எஸ். வந்தது.

இன்னொரு முறை, வெளிமாநிலத்துக்கு ரிக் ஒப்படைக்கப் போன இன்ஜினியர் ஒரு சீட்டை முப்பது நாளுக்கு லேப்டாப்பில் ‘பாரோ’, அதாவது இரவல், எடுத்துப் போயிருக்கிறார். ரயிலில் லேப்டாப் தொலைந்தது. லேப்டாப் போன துக்கம் ஒரு பக்கம். அந்தச் சீட், கெடு முடியும்வரை சர்வருக்குத் திரும்பவே இல்லை. இப்போது யார் கேட்டாலும் ஏழு நாளுக்கு மேல் தருவதில்லை.

புதிதாக இரண்டு சீட் வாங்கிவிடலாம் என்று ஓனர் ஒருமுறை சொன்னாராம். இவர் ஒரு மாதப் பதிவை எடுத்துப் பார்த்தார். ஒன்பது பேரில் இருவர் வரைவதே இல்லை. பர்ச்சேஸுக்காக ட்ராயிங்கைத் திறந்து அளவு மட்டும் பார்க்கிறார்கள். பார்ப்பதற்கென்றே காசில்லாத மென்பொருள் இருக்கிறது. அதைப் போட்டுக்கொடுத்தார். அன்றைக்கு மிச்சமானது இரண்டு சீட்டின் விலை. தட்டுப்பாட்டை மட்டுமல்ல, தேவையில்லாத செலவையும் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்த நாற்காலியைக் கொடுக்க வேண்டும். அதற்கு உரிய பெயரையும் கொடுக்க வேண்டும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பிளாட்டர் கரகரவென்று ஒரு தாளைத் தள்ளியது. மாஸ்ட்டின் அடிப்பகுதி வரைபடம். போன மாதம் சேர்ந்த பையன் வரைந்தது. வாடிக்கையாளருக்குப் போக வேண்டியது. அவன் எடுக்கப் போவதற்குள் இவர் எழுந்து போய்த் தாளின் ஓரத்தைப் பார்த்தார். கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற பொருளில் சிறிய ஆங்கில எழுத்தில் ஒரு வரி.

“தம்பி, இது காலேஜ்ல குடுத்த சாஃப்ட்வேர்ல வரைஞ்சதா?”

“ஆமாங்கக்கா. காலைல சீட் ஒண்ணும் காலி இல்ல. நைட்டுக்குள்ள கேட்டாங்க. அதான் என் லேப்டாப்லயே போட்டுட்டேன்.” முகம் வெளுத்திருந்தது.

அவர் திட்டவில்லை. நம் கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் திறந்தாலும் இந்த வரி போகாது, அதோடு சேர்கிற மற்ற ட்ராயிங்கிலும் ஒட்டிக்கொள்ளும், அதனால் புதிதாகத்தான் வரைய வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். தாளை நான்காக மடித்துத் தன் மேசை டிராயரில் வைத்துக்கொண்டார். பிறகு திரையைப் பார்த்தார். ஏழில் ஒரு பெயருக்கு நேராக நாற்பது நிமிடமாக அசைவில்லை.

ஜன்னலைத் திறந்து கீழே டீக்கடைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். “அண்ணா, ட்ராயிங்க மூடிட்டுப் போகலீங்களா? மேல பையன் காத்துட்டிருக்கான்!”

டம்ளரை வைத்துவிட்டு ஒருவர் படியேறி வந்தார். திரையில் ஒரு பெயர் மறைந்து, அந்த இடத்தில் பையனின் பெயர் ஏறியது.