முதலாளி ஒருவர், தொழிலாளர் தலைவர்

"கையில காசு உள்ளவனுக்கு நம்ம கஷ்டம் தெரியுமா?" மலையகத்தின் பசறைப் பக்கத் தோட்டங்களில் வியாபாரி ஒருவர் தேர்தலில் நின்றால் இந்தக் கேள்வியும் கூடவே வரும். எனக்கு அப்போதெல்லாம் சௌமியமூர்த்தி தொண்டமான் ஐயாதான் நினைவுக்கு வருவார்.

1913இல் தமிழ்நாட்டின் முனப்புதூரில் பிறந்தவர். அப்பா கருப்பையா மலையகத்தில் பாடுபட்டு உயர்ந்து, இறம்பொடை வேவண்டன் தோட்டத்தை வாங்கினார். தோட்ட முதலாளியின் மகன் இலங்கை இந்தியன் காங்கிரஸில் சேர்ந்து தொழிலாளர் பக்கம் நின்றார். 1947இல் நுவரெலியாவிலிருந்து நாடாளுமன்றம் போனார்.

அடுத்த வருடமே வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. அதை எதிர்த்து 1952இல் சத்தியாக்கிரகம் நடந்தது. இந்தியாவோடு செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், பலரை இந்தியாவுக்கு அனுப்பி, நம் குடும்பங்களைப் பிரித்தது. 1978இல் அவர் அமைச்சரானார். மந்திரிப் பதவியில் இருந்துகொண்டே, 1984இல் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். அதனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிடைத்தது. அவர் நடத்திய 1986 பிரார்த்தனை இயக்கத்துக்குப் பிறகு, நாடற்றவர்களாக எஞ்சியவர்களின் குடியுரிமைக்கும் வழி பிறந்தது.

பதவிக்காக அரசாங்கங்களோடு ஒட்டிப்போனார் என்ற விமர்சனம் உண்டு. அதைப் பேசத்தான் வேண்டும். காணியும் சொந்த வீடும் இன்னும் பலருக்குக் கனவுதான். ஆனால் கொழுந்து பறிக்கும் நம் அம்மாமாருக்குக் கிடைத்த சம சம்பளத்தை யாரும் மறைக்க முடியாது.

ஆகவே, வாக்குக் கேட்டு வரும் வியாபாரியிடம் சொத்துக் கணக்கை மட்டும் கேட்காதீர்கள். சம்பளப் பேச்சு நடக்கும்போது எந்தப் பக்கம் உட்காருவீர்கள் என்று கேளுங்கள்.