மணிக்கட்டின் பொறுமை

ஓங்கி அடித்தாற்றான் பந்து தூரம் செல்லும் என்பது நம்மிற் பெரும்பாலோர் கொண்டுள்ள எண்ணம். கிட்டிப்புள் ஆடும் சிறுவன் முதல் கோடரி பிடித்து விறகு பிளக்கும் பெரியவர் வரை யாவரும் இந்த எண்ணத்துடனேயே பல்லைக் கடித்துக்கொண்டு கையை வீசுகின்றனர். ஆயின், கோல்ப் என்னும் விளையாட்டு இவ்வெண்ணத்தைப் பொய்யாக்கி விடுகின்றது. அங்கே பந்தை எவரும் எறிவதில்லை. 46 கிராமுக்கும் குறைந்த நிறையுடைய அப்பந்து புல்லின்மேல் அசையாது கிடக்கின்றது. அதை அடிப்பதில் என்ன அருமை இருக்கின்றது என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனாலும், உடல் வலிமை மிக்க வாலிபர் ஒருவர் தம் பலமனைத்தையும் கூட்டி அடித்த பந்து 100 யார் தூரத்திலே விழுந்துவிட, மெலிந்த மேனியர் ஒருவர் சற்றும் சிரமமின்றி அதனை 250 யாருக்கு அனுப்பிவிடுகின்றார். இந்த வேற்றுமை எங்கிருந்து பிறக்கின்றது? விடையின் பெரும்பகுதி மணிக்கட்டிலே இருக்கின்றது.

நான் கோல்ப் ஆடுபவன் அல்லன். கல்லூரியிலே பௌதிகவியல் கற்பிப்பவன். இந்நாட்டிற்கு இவ்விளையாட்டுப் புதியதன்று. கொழும்பிலே 1879ஆம் ஆண்டிலேயே இதற்கொரு கழகம் தோன்றிவிட்டது. நுவரெலியாவின் குளிர்ந்த மலைச்சாரலிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்னரே இதற்கெனப் புற்றரை அமைத்துவிட்டனர். எனினும், யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலே வளர்ந்த எனக்கு, விடுமுறை ஒன்றிலே நுவரெலியாவுக்குச் சென்று வேலியோரமாக நின்று பார்த்ததே முதல் அறிமுகம். ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து பல்லாண்டு அனுபவம் பெற்ற முதியவர் ஒருவர் அருகிலே இளைப்பாறிக் கொண்டிருந்தார்.

“பெரியவர், அந்த இளைஞர் அவ்வளவு பலமாக வீசியும் பந்து ஏன் பக்கத்திலேயே விழுகின்றது?” என்று கேட்டேன்.

“மணிக்கட்ட முன்னாடியே அவுத்துடறாருங்க ஐயா. பலமெல்லாம் காத்துல போயிடுது. பந்துக்கு ஒண்ணும் மிஞ்சறதில்ல” என்றார் அவர்.

பௌதிகவியல் நூலிலே பல பக்கங்களில் விரித்துரைக்க வேண்டிய உண்மையை அவர் மூன்று வாக்கியங்களில் அடக்கிவிட்டார்.

மட்டை பின்னோக்கி மேலே ஏறும்போது ஆட்டக்காரரின் தோள்கள் திரும்புகின்றன, இடக்கை நீண்டு நிற்கின்றது, மணிக்கட்டு மடிகின்றது. இதனால் கைக்கும் மட்டைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு செங்கோணம் அமைகின்றது. கீழே இறங்கும்போது முதலில் இடுப்புத் திரும்பும். அதனைத் தோள்கள் தொடரும். தோள்களைக் கைகள் தொடரும். மட்டையின் முறை எல்லாவற்றுக்கும் கடைசியிலேதான் வரும். கைகள் ஏறத்தாழ இடுப்பளவுக்கு இறங்கும்வரை அந்தச் செங்கோணம் பெரிதும் குலையாதிருத்தல் வேண்டும். அதன் பின்னர் மணிக்கட்டு விரிய, மட்டை வெளிநோக்கிப் பாய்ந்து, பந்தைத் தொடும் வேளையிலே கையும் மட்டையும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வந்து நிற்கும்.

இதனை எளிதில் விளங்கிக்கொள்ள விரும்புவோர் கோல்ப் மைதானத்துக்குப் போகவேண்டியதில்லை. தம் வீட்டுக் கிணற்றடிக்குப் போனாற் போதும். நனைந்த வேட்டியைத் துவைகல்லிலே அடிப்பவரைக் கவனியுங்கள். தலைக்கு மேலே தூக்கிய கை கீழே இறங்கும்போது வேட்டி பின்தங்கியே வருகின்றது. கை தன் ஓட்டத்தில் தளரும் வேளையிலே, பின்தங்கிய வேட்டியின் நுனி கையை முந்திக்கொண்டு கல்லிலே ‘படார்’ என விழுகின்றது. வேட்டிக்குத் தசையில்லை, நரம்பில்லை. அவ்வளவு வேகம் அதற்கு எப்படி வந்தது? கை இழந்த வேகமே துணிக்குக் கிடைத்தது. கோல்ப் மட்டைக்கும் இதே கதைதான்.

அலஸ்டயர் கொக்ரன், ஜோன் ஸ்ரொப்ஸ் என்னும் இருவர் இங்கிலாந்திலே செய்யப்பட்ட ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1968ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். அதிலே கோல்ப் வீச்சினை ஓர் இரட்டை ஊசலாக விளக்கினர். தோள்களின் நடுவே ஓர் அச்சு. அதிலே தொங்கும் கைகள் முதலாவது ஊசல். கைகளின் முனையிலே தொங்கும் மட்டை இரண்டாவது ஊசல். மணிக்கட்டு இரண்டையும் இணைக்கும் கீல். மட்டை மடிந்திருக்கும்போது அதன் பாரம் அச்சுக்கு அண்மையில் இருப்பதால் உடல் முழுவதும் விரைவாகத் திரும்ப முடிகின்றது. உரிய வேளையில் மட்டை விரியும்போது கைகளின் வேகம் குறைந்து மட்டையின் வேகம் பெருகுகின்றது. தொடக்கத்திலேயே மணிக்கட்டை விரித்துவிட்டால், நீண்ட பாரத்தைச் சுழற்ற உடல் திணறும். மட்டையின் உச்ச வேகமும் பந்தை அடையுமுன்னரே கழிந்துவிடும். நுவரெலியா முதியவர் சொன்ன ‘காத்துல போற பலம்’ இதுவே.

மணிக்கட்டின் தசைகளே அடியின் வலிமையைத் தருகின்றன என்று எண்ணுவோர்க்கு ஒரு சிறு கணக்கு. மட்டைத் தலையின் நிறை ஏறத்தாழ 200 கிராம். தேர்ந்த ஆட்டக்காரர் அதனை மணித்தியாலத்துக்கு 100 மைல் வேகத்துக்குக் கொண்டு வருகின்றார். கீழிறங்கும் வீச்சுக்கு எடுக்கும் நேரம் ஏறத்தாழ கால் செக்கன். கணக்கிட்டுப் பார்த்தால், மட்டைத் தலைக்கு மட்டும் ஒரு குதிரை வலுவுக்கு மேலே வேண்டியிருக்கின்றது. இத்தனை வலு முன்கையின் சிறு தசைகளிலிருந்து வரக்கூடியதன்று. காலும் இடுப்பும் முதுகுமே அதனை ஈட்டுகின்றன. மணிக்கட்டு அதனைக் கடைசிவரை சிந்தாமற் காத்து உரிய இடத்திற் கொடுக்கின்றது. இறுதிக் கணத்திலே அதன் தசைகளும் சிறிது துணைபுரியலாம். ஆனால், முந்திக்கொண்டு செய்யும் உதவி கெடுதலாகவே முடியும்.

சென்ற தவணையிலே இரண்டு மரச்சட்டங்களைத் தளர்ந்த ஆணியொன்றினாற் பொருத்தி வகுப்பிலே இதனை ஆட்டிக் காட்டினேன். பின்வாங்கிலிருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, “அப்படியென்றால், மட்டை பந்திலே படும் கணத்தில் ஆட்டக்காரர் என்னதான் செய்கிறார், சேர்?” என்று வினவினான்.

நல்ல கேள்வி. மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு செக்கனின் 2,000இல் ஒரு பங்குதான். அடிபட்ட உணர்ச்சி கையிலிருந்து மூளையை எட்டுவதற்குள் பந்து ஓரடிக்கும் அப்பாற் சென்றுவிடும். ஆகவே, அக்கணத்திலே ஆட்டக்காரர் செய்யக்கூடியது எதுவுமில்லை. செய்யவேண்டிய யாவற்றையும் அவர் முன்னரே செய்து முடித்திருக்க வேண்டும். “ஒன்றும் செய்வதில்லை, தம்பி” என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. வினவியவன் மட்டும் சிரிக்கவில்லை, ஏதோ எழுதிக்கொண்டான்.

மணிக்கட்டுக்காகத் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டவர் அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன். 1930ஆம் ஆண்டளவில் இவ்விளையாட்டையே தொழிலாகக் கொண்ட அவர், பெரும் ஆட்டத் தொடர்களிலே தனித்து நின்று பெற்ற முதல் வெற்றி 1940இலே கிடைத்தது. அவர் அடித்த பந்து இடப்புறமாக வளைந்து சென்று அவரைப் பலகாலம் வருத்தியது. நாள்தோறும் ஓயாது பயின்று அக்குறையை வென்றார். 1949இலே அவர் சென்ற கார் பஸ் வண்டியொன்றுடன் மோதி, இடுப்பெலும்பும் தோளெலும்பும் முறிந்தன. மீண்டும் நடப்பாரோ என ஐயுற்றோர் பலர். மறு ஆண்டே அமெரிக்கப் பகிரங்கப் போட்டியை வென்றார். 1953இலே ஒரே ஆண்டில் மூன்று பெரும் போட்டிகளை வென்றார். மட்டை மேலே சென்ற நிலையில் இடது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாகச் சிறிது மடித்தலே தமது இரகசியங்களுள் ஒன்று என 1955இலே வெளியிட்டார். 1957இலே வந்த அவரது நூல், பந்தை அடிக்கும் வேளையிலே இடது மணிக்கட்டு இலக்கை நோக்கிப் புடைத்து நிற்றல் வேண்டும் என்று வற்புறுத்தியது. கண்ணிமைக்கும் பொழுதிலே கழிந்துவிடும் அந்நிலையைக் கட்டளையினாற் பெறமுடியாது என்பதை அறிந்தமையாலன்றோ அவர் அத்துணை காலம் பயின்றார்!

இன்னொன்றும் சொல்லவேண்டும். மணிக்கட்டை முந்தி விரிப்பது ஒரு குற்றமாயின், விரியவேண்டிய வேளையிலும் இறுகப் பிடித்து நிற்பது மற்றொரு குற்றம். அப்போது மட்டையின் முகம் திரும்பாது திறந்தே நிற்க, வலக்கை ஆட்டக்காரர் அடித்த பந்து வலப்புறமாக விலகி ஓடும். காக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்.

இதனை எண்ணும்போது என்னிடம் பயின்ற மாணாக்கன் ஒருவன் நினைவுக்கு வருகின்றான். கெட்டிக்காரன். அவன் தந்தையார் உயர்தரப் பரீட்சை நாட்களிலே மண்டப வாசல்வரை உடன்வந்து, மணியடிக்கும் வரை கேள்வி கேட்டுக்கொண்டே நிற்பார். மகன் மீதுள்ள அன்பினாலேயே அப்படிச் செய்தார். வினாத்தாளில் அவன் அறியாதது எதுவும் இருக்கவில்லை. ஆயினும் கை நடுங்கிப் பாதியை எழுதாமலே வந்துவிட்டான். அடுத்த முறை பரீட்சைக்கு முன்னர் தந்தையார் என்னைக் காண வந்தபோது, அந்த இரண்டு மரச்சட்டங்களையும் அவர் முன்னே ஆட்டிக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப, நான் கையை விடவேணும் எண்டு சொல்லுறியள், மாஸ்டர்?”

“இத்தனை காலம் நீங்கள் பிடித்திருந்தது வீண் போகாது, ஐயா. இனி விடலாம்.”

அம்முறை தமையன் அவனைச் சைக்கிளிலே ஏற்றிவந்து வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனான். மாணாக்கன் தேறினான்.

பெற்றோருக்கும் எம்போன்ற ஆசிரியர்க்கும் விட மனம் வருவது எளிதன்று. பல்லாண்டு சேர்த்த சிரத்தையெல்லாம் ஒரு கணத்திலே சிதறிவிடுமோ என்ற அச்சம் எம்மை விட்டு நீங்குவதில்லை. ஆனால், அந்தக் கணம் எமக்குரியதன்று. அதற்கு முந்திய நீண்ட காலமே எமக்குரியது. அதனை நன்கு பயன்படுத்தியிருந்தால், மட்டை தன் வழியைத் தானே அறிந்துகொள்ளும்.