காயத்துக்கும் சேர்த்து ஒரு கையெழுத்து

தக்கலை, 2025 ஆகஸ்ட் 12

ஐ.எஸ்.எல். கால்பந்து இந்த ஆண்டு நடக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் போட்டியை நடத்தும் எஃப்.எஸ்.டி.எல். நிறுவனமும் 2010-இல் போட்ட பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் வரும் டிசம்பரில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கும் பேச்சு இழுபறியானதால் ஜூலையிலேயே போட்டியை நிறுத்தி வைத்துவிட்டார்கள். இம்மாதத் தொடக்கத்தில் பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணிக்கான சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது; சென்னையின் எஃப்.சி.யும் வேலைகளை நிறுத்தி வைத்தது. இதையெல்லாம் பார்க்கும்போது ஒன்று உறுதிப்படுகிறது. ஒப்பந்தத்தை நீட்டிக்க உட்காரும் ஆட்டக்காரர் முதலில் பேச வேண்டியது மொத்தத் தொகையை அல்ல. காயம் பட்டாலும் ஆட்டம் நின்றாலும் கைக்கு வந்தே தீரும் பணத்தை.

நம் மாவட்டத்து இரவிபுத்தன்துறைக்காரர் மைக்கேல் சூசைராஜை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச்சில் ஏ.டி.கே. அணியோடு ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றவர். அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே அடிபட்டு வெளியே வந்தார். அந்தப் பருவமே போயிற்று. முழங்கால் தசைநார் அறுந்தால், அறுவை முடிந்து மறுபடி ஓட ஒன்பது மாதம்கூட ஆகும். ஓராண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் ஒருவருக்கு இது நேர்ந்தால், ஊன்றுகோலோடு போய்த்தான் அடுத்த ஒப்பந்தம் பேச வேண்டும். கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு கையெழுத்திடலாம் என்று ஃபிஃபா விதி சொல்கிறது. அந்த உரிமை நல்ல காலோடு இருப்பவருக்குத்தான் பயன்படும்.

ஆகஸ்ட் 13

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்குகள், மொத்தத் தொகையைவிட உறுதியான பணமே முக்கியம் என்பதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். அங்கே பெரும்பாலான ஒப்பந்தங்களை அணி பாதியில் முறித்துக்கொள்ளலாம். ஆகவே பேரம் முழுவதும் உறுதிப்பணத்தைச் சுற்றியே நடக்கிறது. 2018-இல் கர்க் கசின்ஸ் மூன்றாண்டுக்கு 8.4 கோடி டாலரை முழு உறுதியாக வாங்கினார். 2024-இல் டாக் பிரெஸ்காட் நான்காண்டுக்கு நீட்டித்த 24 கோடியில் 23.1 கோடி உறுதி.

அவ்வளவு பணம் நம் கிளப்புகளிடம் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், பல கிளப்புகள் நஷ்டத்தில் ஓடுகின்றன. ஆனால் உறுதி கேட்பதும் அதிகம் கேட்பதும் ஒன்றல்ல. மாதச் சம்பளத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டு மூன்றாண்டு உறுதி கேட்கலாம். கிளப்புக்கும் செலவு முன்கூட்டியே தெரியும். உறுதி கிடைத்தால் வீரர் சோம்பிவிடுவார் என்பதை நான் ஏற்கவில்லை. பதினோரு பேரில் இடம் ஒவ்வொரு வாரமும் புதிதாக முடிவாகிறது, ஊக்கத்தொகையை ஆட்டத்தோடு கட்டிக்கொள்ளலாம். கனமான ஆட்சேபம் வேறு: உறுதியென்று எழுதிய சம்பளத்தையே நிறுத்திவிட்டால் காகிதம் என்ன செய்யும்? இங்கேதான் காகிதத்தின் பலம் இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், பதினைந்து நாள் அவகாசத்தோடு எழுத்தில் கேட்டுவிட்டு வீரர் விலகலாம், இழப்பீடும் கோரலாம் என்கிறது ஃபிஃபா. அந்த இழப்பீட்டை ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் காலத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள். இரண்டாண்டு மிச்சமுள்ளவருக்குக் கேட்க ஒரு தொகை உண்டு. இரண்டு மாதம் மிச்சமுள்ளவருக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

நம் மாவட்டத்துத் தூத்தூர்க் கரையிலிருந்து கிளப்புகளுக்குப் போகும் பையன்களுக்குப் பதினெட்டு வயதுக்குள் மூன்றாண்டுக்கு மேல் ஒப்பந்தம் போட முடியாது. ஆகவே அவர்களுடைய முதல் நீட்டிப்பே பெரிய பேரம். காயக் காலச் சம்பளம், அறுவைச் செலவு, லீக் நின்றால் என்ன என்ற மூன்றும் அதில் எழுத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே வீட்டார் ஒரு வக்கீலிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.