மஞ்சள் விளக்கு

மயிலாப்பூர்த் துணிக்கடை ஒன்றில் தானியங்கித் தீயணைப்பு அமைப்புக்கு எச்சரிக்கை விளக்குகள் பொருத்தும் பணி முன்னொரு நாள் நம்மிடம் வந்தது. கூரையில் வரிசையாய் நீர்த்தெளிப்பான்கள். வெப்பம் 68 பாகை செல்சியஸை எட்டினால் அவற்றின் கண்ணாடிக் குமிழ் உடையும், நீர் பாயும், குழாயிலுள்ள ஸ்விட்ச் அவ்வோட்டத்தை உணர்ந்து சிவப்பு விளக்கை ஏற்றும். நம்மைச் சிந்திக்க வைத்ததோ மஞ்சள் விளக்கு. கம்பியின் கடைசியில் சிறு ரெசிஸ்டர் ஒன்றைப் பொருத்தினோம். அதன் வழியே எந்நேரமும் சிறிதளவு மின்சாரம் ஓடும். கம்பி அறுந்தால் ஓட்டம் நின்று மஞ்சள் விளக்கு எரியும். நீர் வால்வை எவரேனும் மூடினாலும் எரியும். அது அறிவிப்பது தீயை அன்று. நம் காவலின் குறையை.

தீபாவளிக் கூட்டத்தின்போது அவ்விளக்கு எரிந்தது. "சனம் பயப்படும், கழற்றிடுங்க சார்" என்றார் மேலாளர். கழற்றினோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் சென்று பார்த்தோம். ஒழுகலைச் சரிசெய்ய வந்தவர் வால்வை மூடியவர், திறக்க மறந்திருந்தார். கூரை நிறையத் தெளிப்பான்கள். தெளிக்கத்தான் நீர் இல்லை.

ஆண்டுகள் கடந்தன. 2017 மே 31 அன்று தியாகராய நகர் சென்னை சில்க்ஸ் கட்டடம் தீப்பற்றி, மறுநாள் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்த செய்தியைக் கேட்டபோது, நாம் கழற்றிய அந்த விளக்கே கண்முன் நின்றது.

நம் உள்ளத்திலும் இத்தகைய விளக்கு ஒன்று உண்டு. அது உறுத்தும்போது கழற்றிவிடுவது எளிது. அன்று காலை வால்வைத் திறந்தோம்; கம்பியை மீண்டும் இணைத்தோம். விளக்கு எரியவில்லை. அதை அணைக்க நேர்மையான வழி அது ஒன்றே.