வலது கால்

ஷோரூம் வாசலில் சாவியைக் கையில் கொடுத்த பையன், "பட்டனை அமுக்குங்க சார், அவ்வளவுதான்" என்றான். அமுக்கினேன். வண்டி உடனே ஓட ஆரம்பித்துவிட்டது. என் வலது கால் மட்டும் தன்பாட்டுக்கு ஓர் அடி மேலே எழும்பி, அந்தரத்தில் எதையோ துழாவிக்கொண்டு நின்றது. பையன் கவனித்துவிட்டான். "இதுல கிக்கரே கிடையாதுங்க சார்" என்றான், வீடு மாறிப் போனவரைத் தேடி வந்தவனிடம் சொல்வது போல.

பதினெட்டு வருஷம் கழித்து மோட்டார் சைக்கிள் வாங்குகிறேன். 2004இல் என் புல்லட்டை விற்றேன். வங்கியில் சென்னைக்கு மாற்றல். மூன்றாம் மாடி வாடகை வீடு. கீழே ஒரு ஸ்கூட்டர் நிறுத்தத்தான் இடம். மோகனூர் பக்கம் முட்டை வியாபாரி ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரமே அதன் கேரியரில் முட்டை அட்டைகளை அடுக்கிக் கயிறு கட்டிக்கொண்டு போனதாக மாமா போனில் சொன்னார். அதைக் கேட்டிருக்கவே வேண்டாம் என்று இன்றைக்கும் நினைப்பேன். அதற்குப் பிறகு ஸ்கூட்டர், கார், மகள் கல்லூரி, தலைமுடி என்று வரிசையாக எல்லாம் வந்தன, போயின. 2022இல் நாமக்கல்லுக்கே திரும்பியதும் முதல் வேலையாகக் கிளாசிக் 350 பதிவு செய்தேன். அதே திருவொற்றியூர்க்காரர்கள் வண்டிதான். 1955இல் சென்னையில் வேர்விட்ட அதே பெயர். ஆனால் வலதுபுறமும் இடதுபுறமும் இடம் மாறிவிட்ட வண்டி.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பிரேக் இடது காலில். ஊரில் மற்ற வண்டிகளெல்லாம் ஒரு மாதிரி ஓடும்போது இது மட்டும் தலைகீழாக இருந்ததில் எங்களுக்கு ஒரு கர்வம்கூட உண்டு. இரவல் கேட்டு வருகிறவனிடம் "உனக்கு ஓட்ட வராதுடா" என்று நிஜமாகவே சொல்லலாம். இப்போது அந்தக் கர்வத்துக்கு வட்டி கட்டினேன். ஷோரூமிலிருந்து வரும் வழியில் பரமத்தி சாலையில் ஒரு டவுன் பஸ் திடீரென்று நின்றது. பிரேக் என்று நினைத்து இடது காலை ஓங்கி மிதித்தேன். வண்டி ஒரு கியர் இறங்கி உறுமியது. முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்துதான் காப்பாற்றின. பஸ்ஸின் கடைசி சீட்டில் இருந்த ஒரு பாட்டி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

பழைய வண்டியைக் கிளப்புவது ஒரு வேலை. சாவியைத் திருப்பினால் ஹெட்லைட் தலையில் இருக்கிற அம்மீட்டரின் முள் ஒரு பக்கம் சாயும். இடது கையில் டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்துக்கொண்டு, கிக்கரை மெதுவாக, பச்சைக் குழந்தையைக் கால் மேல் போட்டு ஆட்டுவது போல, கீழே இறக்க வேண்டும். பிஸ்டன் மேலே வந்து தாண்டுகிற இடத்தில் காண்டாக்ட் பாயின்ட் திறக்கும். அந்த நொடி முள் நடுவுக்கு வந்து நிற்கும். அங்கே நிறுத்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, உடம்பின் முழு எடையையும் போட்டு ஒரே உதை. சரியாகச் செய்தால் குளிர்காலத்தில்கூட ஒரே உதையில் பிடிக்கும். முள்ளைப் பார்க்காமல் அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். என் கெண்டைக்காலில் 1994 ஆடி மாதத் தழும்பு ஒன்று இன்னும் இருக்கிறது. இந்த ஒரு நிமிஷத்தில் வண்டி என்ன மனநிலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். பேட்டரி இறங்கியிருக்கிறதா, பாயின்ட் தேய்ந்திருக்கிறதா, நேற்று நனைந்தது இன்னும் காயவில்லையா, எல்லாவற்றையும் உள்ளங்கால் சொல்லும்.

புதிய வண்டிக்கு என்னிடம் ஒன்றும் கேட்கத் தெரியவில்லை. வாங்கிய ஒரு மாதத்தில் நான் அதற்குச் செய்தது பெட்ரோல் போட்டது மட்டும்தான். கை அரித்தது. அதனால்தான் அதை மாற்றத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன்.

முதலில் ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட். பழைய வண்டியில் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பூனை கத்துவது போலக் கத்தும். படத்தைக் காட்டியதும் மனைவி ஒரே கேள்வி கேட்டாள்: "அப்ப நான் எங்க உக்காருவேன்?" பின்சீட்டும் வாங்கினேன். விலை இரண்டு மடங்கானது. அடுத்து ஹேண்டில் பாரை ஓர் அங்குலம் உயர்த்தியது. அதற்குக் காரணம் அழகு இல்லை, முதுகு. பக்கவாட்டில் இரும்புப் பெட்டிக்குப் பதில் கேன்வாஸ் பை. இவையெல்லாம் அரை நாள் வேலை.

சத்தத்தில்தான் மாட்டிக்கொண்டேன். என் பழைய மெக்கானிக் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அதே பட்டறையை அவர் மகன் நடத்துகிறான். "தம்பி, பழைய சத்தம் வரணும், சைலன்சர் மாத்திக் குடு" என்றேன். அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "சத்தம் சைலன்சர்லயா சார் இருக்குது? இன்ஜின்ல இருக்குதுங்க." சொல்லி முடிக்க அவனுக்கு ஒரு டீ நேரம் ஆனது. பழையது 346 சிசி; பிஸ்டனின் விட்டம் 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் நீளம் 90. கனமான ஃபிளைவீல். ஆகவே ஒவ்வொரு வெடிப்புக்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளி விட்டு ஓடும். புதியது 349 சிசி, 72-க்கு 85.8. உள்ளே அதிர்வைத் தின்பதற்கென்றே ஒரு பேலன்சர் ஷாஃப்ட் சுற்றுகிறது. பிஎஸ்-6 வந்தபின் புகைக்குழாயும் தன் பங்குக்கு எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. "வெளிய ஓட்டை சைலன்சர் மாட்டினா கூச்சல் வரும், அந்தச் சத்தம் வராதுங்க. அதுவுமில்லாம இந்த வயசுல போலீஸ்கிட்ட நின்னுட்டு இருப்பீங்களா?" என்றான். அவன் சொன்னது சட்டப்படியும் சரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடுவதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வங்கியில் முப்பது வருஷம் விதிமுறை பேசியவன் நான். சைலன்சரை விட்டுவிட்டேன்.

டாங்கில் லைனிங் போடுவது மட்டும் மனசுக்குப் பிடித்தபடி நடந்தது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. லாரிக்குக் கோடு போட்ட கைகளும் இங்கேதான் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் வெட்டிய ஸ்டிக்கர் வந்தபிறகு அந்தக் கைகளுக்கு வேலை குறைந்துவிட்டது. அறுபதைத் தாண்டிய பெயிண்டர் ஒருவர், திருச்சி சாலைப் பக்கம், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளி மேல் உட்கார்ந்து என் டாங்கைத் தின்னர் துணியால் துடைத்தார். சுண்ணாம்புக் குச்சியால் நாலைந்து புள்ளி வைத்தார். விரல் நீளத்துக்கு மெல்லிய முடி தொங்கும் பிரஷை எனாமலில் நனைத்து, ஒரு தகர மூடியில் இரண்டு பக்கமும் தடவித் தட்டையாக்கினார். சுண்டுவிரலை டாங்கின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு மூச்சை அடக்கினார். கோடு அவர் கையிலிருந்து வரவில்லை, தோளிலிருந்து வந்தது. பின்னால் பின்னால் நகர்ந்து, முழங்கால் பதியும் பள்ளத்தில் வளைந்து, சீட்டின் அடியில் போய் மறைந்தது. பொன்னிறக் கோடு. பள்ளத்தில் வளைகிற இடத்தில் மட்டும் ஒரு கடுகளவு தடித்துவிட்டது.

"அழிச்சுட்டு மறுக்காப் போடட்டுங்களா?"

"வேண்டாங்க, இருக்கட்டும்."

பழக்க தோஷத்தில், "பின்னாடி ஏதாச்சும் எழுதணுங்களா?" என்றும் கேட்டார். மட்கார்டில் எழுத என்னிடம் வாசகம் எதுவும் இல்லை.

கடைசியாக அம்மீட்டர். பட்டறைத் தம்பியின் அப்பா காலத்து டப்பாவில் ஒன்று கிடந்தது. கண்ணாடி மங்கியிருந்தாலும் முள் நன்றாக ஆடியது. "இதை எங்கயாவது பொருத்த முடியுமா?" "பொருத்தலாங்க. ஆனா இதுல பாயின்ட்டும் இல்ல, கிக்கரும் இல்ல. முள்ளு நடுவுக்கு வந்தா என்ன, வராட்டி என்ன? ஷோவுக்குத்தான்." அதைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜை இழுப்பறையில் போட்டேன். எப்போதாவது திறந்து ஆட்டிப் பார்ப்பேன். மனைவி கேட்பதில்லை.

போன தை மாதம் கொல்லிமலை போனோம். காரவள்ளியிலிருந்து மேலே ஏற எழுபது கொண்டை ஊசி வளைவுகள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: புதிய வண்டி எல்லா வகையிலும் நல்ல வண்டி. பழையதில் ஏறும்போது பின்பார்வைக் கண்ணாடியில் வருவது லாரியா யானையா என்று தெரியாத அளவுக்கு ஆடும். இதில் பின்னால் வந்த பஸ் டிரைவரின் மீசைகூடத் தெரிந்தது. பழையதில் நாற்பதாவது வளைவில் இன்ஜின் சூட்டுக்கு நின்று தண்ணீர் குடிப்போம். இதில் நிற்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் முதல் கியருக்காக வலது கால்விரல் ஷூவுக்குள் மேலே நெம்பியது. எழுபது முறை.

சோளக்காட்டில் டீக்கடை வாசலில் ஒரு பழைய ஸ்டாண்டர்ட் புல்லட் நின்றது. பின்னால் இரண்டு பக்கமும் சாக்கில் அன்னாசி. டாங்க் முழுக்கத் துரு. ஹெட்லைட் தலையில் அம்மீட்டர் இருக்க வேண்டிய ஓட்டையை யாரோ டயர் ட்யூப் வெட்டி அடைத்திருந்தார்கள். என் வயதுக்கு மேலேயே இருப்பார், வேட்டி கட்டிய ஒருவர் டீயை முடித்துவிட்டு வந்தார்.

"அம்மீட்டர் இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"அது செத்துப் பதினஞ்சு வருஷமாச்சுங்க. காலுக்குத் தெரியும்."

அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. கடைக்காரரிடம் பாக்கிச் சில்லறை பற்றிப் பேசிக்கொண்டே கிக்கரை மெதுவாக இறக்கினார். ஓரிடத்தில் நிறுத்தினார். என் வலது காலும் அதே இடத்தில் நின்றது. உதைத்தார். பிடித்துக்கொண்டது.

ஒரு தடவை நான் உதைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. அதற்குள் அவர் வலது காலால் முதல் கியரைத் தூக்கிவிட்டு இறங்கத் தொடங்கிவிட்டார். மனைவி டீ கிளாஸை வைத்துவிட்டு, "என்ன, போலாமா?" என்றாள். கொஞ்சம் பொறு என்று கை காட்டினேன். எழுபதாவது வளைவு, அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு என்று அந்தச் சத்தம் ஒவ்வொரு திருப்பத்திலும் மறைந்து, கீழே கொஞ்சம் சன்னமாகத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.