கதவைத் திறப்பது நம் விரல்

பேய்க்கதை படிக்கும்போது, அந்தக் கதவைத் திறக்காதே என்று மனசு பதறும். கதையில் வருபவளுக்கு அது கேட்காது, திறந்துவிடுவாள். எழுத்தாலேயே ஆன திகில் விளையாட்டில் பதறுவதும் நாம்தான், திறப்பதும் நாம்தான். அதற்காகவே இந்தச் சின்ன விளையாட்டுகள் எனக்குப் பிடிக்கும்.

2014இல் மைக்கேல் லட்ஸ் வெளியிட்ட ‘தி அங்கிள் ஹூ வொர்க்ஸ் ஃபார் நின்டெண்டோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர் வீட்டில் இரவு தங்கப் போயிருக்கும் ஒரு பிள்ளையாக நாம் அதில் வருகிறோம். வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோவில் வேலை பார்ப்பதாகச் சொல்லப்படும் நண்பரின் மாமா நள்ளிரவில் வரப்போகிறார். திரையில் ஒரு பத்தி. அதில் சில சொற்களைச் சொடுக்கினால் அடுத்த பத்தி. எதைச் சொடுக்கினோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

வீடு சாதாரண வீடுதான், ஆனால் கதையின் எலும்பு மிகப் பழையது. 1697இல் ஷார்ல் பெரோ பதிப்பித்த நீலத்தாடிக்காரன் கதையிலும் இப்படித்தான்: அடுத்தவர் வீடு, நுழையக் கூடாத ஓர் அறை, வீட்டுக்காரன் திரும்பி வரும் நேரம். 1764இல் ஹொரேஸ் வால்போல் ‘ஒட்ரான்டோ கோட்டை’யில் தொடங்கிவைத்த காதிக் என்னும் திகில் நாவல் வகையும் இப்படிப்பட்ட வீடுகளின் இருட்டில்தான் வளர்ந்தது. ஆனால் பெரோவின் கதையில் வரும் மனைவி ஒவ்வொரு முறையும் அறையைத் திறந்தே தீருவாள். அவளைக் காப்பாற்ற அண்ணன்மார் ஒவ்வொரு முறையும் சரியான நேரத்துக்கு வந்தே தீருவார்கள்.

பல முடிவுகள் கொண்ட விளையாட்டு அந்த நிச்சயத்தைப் பறித்துவிடுகிறது. முதல் ஆட்டத்தில் என்ன வரும் என்று தெரியாததால் பயம். இரண்டாவது ஆட்டத்தில் தெரிந்துவிட்டதால் பயம். அந்தப் பிள்ளைக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்; தெரிந்தும் நள்ளிரவை நோக்கி நடத்திக்கொண்டு போகிறேன். நாவல் வாசகனுக்கு இல்லாத பொறுப்பு இது.

இப்படித் திரும்ப ஆடுவதற்குச் சுருக்கம் கட்டாயம். மூன்று நாள் படித்த நாவலை, இன்னொரு முடிவைப் பார்ப்பதற்காக யாரும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கமாட்டார்கள். சில நிமிடங்களில் முடிவதால்தான் உடனே திரும்பி உள்ளே போக மனம் வருகிறது. எழுதுபவர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள். ஹாலோவீனை ஒட்டி இத்தகைய எழுத்து விளையாட்டுகளுக்காக ஆண்டுதோறும் நடக்கும் எக்டோகாம்ப் போட்டியில், நான்கு மணி நேரத்துக்குள் எழுதி முடித்த படைப்புகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. 2009இல் கிறிஸ் கிளிமாஸ் உருவாக்கிய இலவசக் கருவியான ட்வைன் வந்தபிறகு, நிரல் எழுதத் தெரியாதவர்களும் இதில் இறங்கிவிட்டார்கள்.

உயிர் பிழைக்கும் முடிவே சரியான முடிவு என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முதல் ஆட்டத்திலேயே பத்திரமாக வெளியே வந்துவிட்டவருக்கு, எதிலிருந்து தப்பினோம் என்பதே தெரியாது. ஜெயித்துவிட்டேன் என்று யாராவது வந்து சொன்னால், மறுபடி உள்ளே போய்த் தோற்றுப் பாருங்கள் என்பேன். தோற்ற முடிவுகளையும் சேர்த்துப் படித்தால்தான் அது முழுக் கதை.